மீட்டருக்குத் தெரியாத சாவு

அத்தியாயம் 9

போன வாரம் பெரியவளை எந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அப்பா இறந்து ஏழு வாரம் ஆகிவிட்டது. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த சுகர் மீட்டரை, லேபுக்கு வரும் வசதியில்லாதவர் யாருக்காவது கொடுக்கலாம் என்று எடுத்தாள். பேட்டரி இருக்கிறதா என்று பார்க்கப் பொத்தானை அழுத்தினாள். கடைசியாகப் பார்த்த அளவு திரையில் வந்தது. இருநூற்று அறுபத்தொன்று. அதற்கு மேலே அன்றைய தேதி. நேரம், காலை ஆறு பத்து.

மண்ணோடு போன மனுஷனுக்கு அன்று காலையில் யாரோ சுகர் பார்த்திருக்கிறார்கள்.

வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே ஓவென்று கத்தியிருப்பார்கள். பெரியவள் பதினாறு வருஷமாக ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். எதைக் கண்டாலும் முதலில் முகத்தை மாற்றாமல் இருக்கப் பழகியவள். மீட்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மூன்று மாடிப் படியையும் இறங்கி வந்துவிட்டாள். கை மட்டும் கைப்பையை விட்டு நகரவில்லை.

லேபில் அன்று திங்கட்கிழமைக் கூட்டம். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் எல்லாரும் உலகத்தின் மேல் கோபமாக உட்கார்ந்திருந்தார்கள். கையைக் கட்டும் ரப்பர், பஞ்சு, ஊதா மூடி போட்ட டியூப், சாம்பல் மூடி போட்ட டியூப் என்று அவள் கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. நடுவில் கிடைத்த நேரத்தில் எல்லாம் மீட்டரை எடுத்து, பின்னோக்கிப் போகும் பொத்தானை அழுத்தினாள். வந்த எண்ணை ஒரு பழைய ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

காலை ஆறு பத்து. மாலை நாலு பத்து. மறுபடி காலை ஆறு பத்து. ஒரு நாள் கூடத் தவறவில்லை.

அப்பா தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். அவருக்கு ஆறு பத்து என்றால் ஆறு பதினொன்று இல்லை. அம்மா அவர் விரலைக் குத்த, அவர் கடிகாரத்தைப் பார்க்க, பதினான்கு வருஷம் அந்த வீட்டில் நடந்த காரியம் அது.

இருநூற்று ஐம்பத்து நான்கு. இருநூற்று அறுபத்தொன்று. இருநூற்று நாற்பத்தேழு. இருநூற்று ஐம்பத்தெட்டு. நான்கு மாதத்துக்கு எழுதி முடித்ததும், தேதிகள் இருந்த பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எண்களை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அப்பா எந்த இடத்தில் செத்தார் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. முன்னால் எப்படி ஓடியதோ பின்னாலும் அப்படியே ஓடியது. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, ஓர் இடைவெளி கூட இல்லை. அந்த மீட்டரைப் பொறுத்தவரை இந்த வீட்டில் யாரும் சாகவில்லை.

கையை எடுத்துவிட்டு அந்த நாளைத் தேடினாள்.

அப்பாவின் உடம்பு சில்லிட்டிருப்பதை அம்மா தொட்டுப் பார்த்தது ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால். தம்பி அவளுக்குப் போன் செய்தது சரியாக ஆறு மணிக்கு. அவள் அந்த வீட்டுப் படியில் ஓடி ஏறியது ஆறரைக்கு. இடையில், பிணம் கட்டிலில் கிடக்கும்போது, ஆறு பத்துக்கு ஓர் எண் இருந்தது.

இருநூற்று நாற்பத்தொன்பது.

ஓட்டம் நின்றுபோன விரலைக் குத்தினால் லேசில் சொட்டு வராது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் ஆறுதல் ஒன்றும் வரவில்லை.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்றார் எதிரே வந்து உட்கார்ந்தவர். ரிட்டையரான பஸ் கண்டக்டர். சட்டைக் கையை ஏற்கெனவே சுருட்டிவிட்டிருந்தார். "ரெண்டு நாளா பச்சைத் தண்ணிதான் எனக்கு. இன்னைக்கு நம்பர் சும்மா ஜம்முனு வரும் பாரு."

"வரும், வரும். ஆனா டாக்டர் எழுதியிருக்கறது மூணு மாச டெஸ்ட்."

"அது என்னது?"

"மூணு மாசமா உங்க ரத்தத்துல சுகர் எப்படி இருந்துச்சுன்னு சராசரி சொல்லிடும். நேத்து முந்தாநேத்துப் பட்டினி எல்லாம் அங்க செல்லாது."

"ரத்தம் கோள் சொல்லுமா?"

"கூடப் பிறந்தவங்களை விட நல்லாச் சொல்லும். கையை நீட்டுங்க."

"முப்பது வருஷம் டிக்கெட் இல்லாதவனை எல்லாம் நான் பிடிச்சேன். இப்ப என்னையே பிடிக்கறியே" என்று அங்கலாய்த்தபடி அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊதா மூடி டியூபில் ரத்தம் நிரம்புவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் கோள் சொல்லும் என்பது சரிதான். யாருடைய ரத்தம் என்று மட்டும் அதுவாகச் சொல்லாது. டியூபின் மேல் யாராவது பெயர் எழுத வேண்டும்.

மதியம் தம்பி வந்தான். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களை எல்லாம் ஏற்றி இறக்குகிறவன், தன் வீட்டுக்கு மட்டும் மூன்று மாடி நடந்து ஏறுகிறான். நகக்கண்ணில் கிரீஸ் போகாமலே நிற்கும்.

"என்ன கொசு, ரத்தம் எல்லாம் குடிச்சாச்சா? எதுக்கு அவசரமா வரச்சொன்னே?"

அவள் தாளை அவன் பக்கம் தள்ளினாள். மீட்டரையும் வைத்தாள். எதை எங்கே எடுத்தாள் என்று மெதுவாகச் சொன்னாள். தம்பியின் வாயில் இருந்த கேலி பாதியிலேயே நின்றுபோயிற்று.

"நீ பார்த்தியா?" என்று கேட்டாள். "சும்மா விளையாட்டுக்கு உன் விரல்ல?"

"நானா? அப்பாவுக்கு ஊசி போட்டேன், சரி. எனக்குன்னா மயக்கம் வந்துடும், உனக்குத் தெரியாதா?"

"அப்போ யாரு?"

மேஜையில் இருந்த பஞ்சை எடுத்துப் பிய்த்துக்கொண்டிருந்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"தினமும் காலையில அப்பா ரூம்லேருந்து 'டக்'னு ஒரு சத்தம் கேக்கும் அக்கா. விரலைக் குத்தற அந்த ஊசிப் பேனா சத்தம். நான் அப்போ ஷூ போட்டுட்டு இருப்பேன்."

"அவர் போனதுக்கு அப்புறமுமா?"

"அவர் போன அடுத்த நாள்லேருந்து."

"போய்ப் பார்க்க வேண்டியதுதானே?"

"கதவு பாதி திறந்திருக்கும். அம்மா உள்ள பேசிட்டு இருப்பாங்க."

"யார்கிட்ட?"

"அதனாலதான் போகல" என்றான் தம்பி.

ஏழு வாரமாக இதை அடக்கி வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்திருக்கிறான். அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் அவன் விரலைப் பிடித்து இழுத்து, அவன் சுதாரிப்பதற்குள் குத்திவிட்டாள். தொண்ணூற்று நான்கு. தன் விரலையும் குத்திப் பார்த்தாள். எண்பத்தெட்டு.

"நாம ரெண்டு பேரும் இல்ல" என்றாள்.

"அம்மாவா? அம்மாவுக்கு என்ன வியாதி? அம்மாவுக்கு ஜுரம் வந்துகூட நான் பார்த்ததில்லையே."

"அம்மாவுக்குக் கடைசியா எப்போடா சுகர் பார்த்தோம்?"

அவன் யோசித்தான். அவளும் யோசித்தாள். இருவருக்கும் ஒரு தேதியும் அகப்படவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு தேதியே கிடையாது. அந்த வீட்டில் அப்பா நோயாளி, அம்மா பார்த்துக்கொள்பவள். அவரவர் வேலை அவரவருக்கு என்று பதினான்கு வருஷம் போய்விட்டது. தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் ரத்தம் எடுத்தவள், பெற்ற தாயின் கையை ஒரு தரம் பிடித்துப் பார்க்கவில்லை. அம்மா இளைத்துப்போனதையும், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதையும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். துக்கத்தில் இருப்பவள் அப்படித்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் வெட்கத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று உறுத்தியது. இப்போது குத்திக்கொள்வது அம்மா என்றே வைத்துக்கொள்ளலாம். அப்பாவின் எண்ணும் அம்மாவின் எண்ணும் எப்படி ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் ஒன்றாக ஓடும்?

மூன்று மணிக்கு லேபின் போன் அடித்தது.

"மீட்டரை நீ எடுத்துட்டுப் போயிட்டியா?" அம்மாவின் குரல். சண்டை இல்லை, பதற்றம் இல்லை. காய்கறிக் கத்தியை எங்கே வைத்தாய் என்று கேட்பது மாதிரிதான் கேட்டாள்.

"ஆமாம்மா. சும்மாதான்."

"நாலு பத்துக்கு வேணும். கொண்டுவந்துடு."

"யாருக்கும்மா?"

மறுமுனையில், இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்கிற மாதிரி ஒரு சின்னச் சிரிப்பு.

"அப்பாவுக்குத்தான்" என்றாள் அம்மா.

பெரியவள் மீதி நேரத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அதில் மூன்று மாத சராசரியை ஐந்தே நிமிடத்தில் சொல்லும் சின்ன இயந்திரம் ஒன்று உண்டு. நடக்க முடியாதவர்களுக்காக வாங்கியது. எதற்கு அதை எடுத்தாள் என்று அவளுக்கே அப்போது தெளிவாகத் தெரியாது.

வீடு நல்ல வெளிச்சமாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. மேற்கு வெயில் அப்பாவின் அறைக்குள் நேராக விழுந்து, கட்டில், போர்வை, சுவரில் தொங்கிய சட்டை எல்லாவற்றையும் துடைத்து வைத்த மாதிரி காட்டியது. அம்மா தலையை வாரி முடித்து, முகம் கழுவி, கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேஜையில் ஸ்பிரிட் புட்டி, பஞ்சு, அப்பாவின் பெயர் எழுதிய நோட்டு. நோட்டில் இன்றைய தேதி ஏற்கெனவே போட்டிருந்தது.

"வந்துட்டியா. நல்ல வேளை, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு" என்று கையை நீட்டி மீட்டரை வாங்கிக்கொண்டாள்.

பெரியவள் வாசற்படியிலேயே நின்றாள். அம்மா தன் இடது கையைக் கட்டிலின் ஓரத்தில், போர்வையின் மேல் மல்லாத்தி வைத்தாள். வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு, கட்டிலில் படுத்திருக்கும் யாரோ ஒருவரின் கையை அவள் பிடித்திருப்பது போலத்தான் தெரியும். பஞ்சால் நடுவிரலைத் துடைத்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று அந்த விரலிடம் சொன்னாள். 'டக்'கென்று ஊசிப் பேனா சத்தம்.

"ஆச்சு, ஆச்சு. அவ்வளவுதான்."

பெரியவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

மீட்டர் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணியது. அம்மா எண்ணைப் பார்த்தாள். முகத்தில் ஒரு நிம்மதி பரவியது.

"இருநூத்தி அம்பத்தெட்டு. பார்த்தியா? அப்படியே இருக்காரு."

அவள் எழுதி முடிக்கும்வரை பெரியவள் காத்திருந்தாள். பிறகு அருகில் போய் அந்த இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தொழில் பழக்கத்தில் விரல் நுனிகளைத்தான் முதலில் பார்த்தாள். மூன்று விரல்களின் ஓரத்திலும் கரும்புள்ளிகள். புள்ளியின் மேல் புள்ளி. தோல் தடித்துக் காய்த்துப் போயிருந்தது.

தினமும் இரண்டு குத்து என்றாலும், ஏழு வாரத்தில் விரல் இப்படிக் காய்க்காது. இந்த மாதிரி விரல்களை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். இது மாதக்கணக்கு.

"அம்மா. உன் விரல்ல எத்தனை நாளா எடுக்கறே?"

"ஏன், தப்பா எடுக்கறேனா?"

"இல்லம்மா. எத்தனை நாளா?"

அம்மா கணக்குப் போட்டாள். "அவரு வழுக்கி விழுந்து காலை உடைச்சுக்கிட்டாரே, அதுக்கு அடுத்த மாசத்துலேருந்து. எட்டு மாசம் இருக்குமா? விரல் எல்லாம் புண்ணாப் போச்சுடி அவருக்கு. பேனாவைக் கையில எடுத்தாலே கையைப் போர்வைக்குள்ள ஒளிச்சுக்குவாரு. எத்தனை பேரை அதட்டி வேலை வாங்கின மனுஷன், சின்னப் பிள்ளை மாதிரி அழுவாரு. உன்கிட்டச் சொன்னா திட்டுவேன்னு சொல்லல."

"அதனால?"

"ஒரு நாள் அவருக்குப் பார்த்தேன். இருநூத்தி நாப்பத்தெட்டு. சும்மா இருக்காம என் விரல்லயும் குத்திப் பார்த்தேன். இருநூத்தி நாப்பத்தாறு. ரெண்டே ரெண்டுதான் வித்தியாசம். முப்பத்தெட்டு வருஷமா ஒரே அடுப்பு, ஒரே சாப்பாடு. அவர் உடம்புல ஓடறதுதானே என் உடம்புலயும் ஓடும்? அப்புறம் அவரை எதுக்குப் போட்டு வதைக்கணும்? என் விரல்லயே எடுத்து எழுதிட்டேன்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. கணவனுக்கு வர வேண்டிய வலியைத் தான் வாங்கிக்கொண்ட பெருமை.

பெரியவள் அந்தக் கையை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒட்டுப்போட்ட இடம் ஏன் தெரியவில்லை என்று இப்போது புரிந்துவிட்டது. ஒட்டே போடவில்லை. ஆரம்பத்திலிருந்து ஒரே ஆளின் ரத்தம்.

அப்பா போகும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் இந்த நோட்டைப் படம் பிடித்து டாக்டருக்கு அனுப்பினாள். "இன்னும் இறங்கலையே, இன்சுலினை ஏத்துங்க" என்பார் அவர். பன்னிரண்டு யூனிட் பதினாறாயிற்று. பதினாறு இருபதாயிற்று. கடைசியில் இருபத்தாறு. நோட்டில் எண் இறங்கவே இல்லை. தம்பி வேலைக்குப் போகும் முன் ஒன்று, வந்ததும் ஒன்று என்று ஊசி போட்டான்.

லேபுக்கு அழைத்துப்போக முடியாவிட்டால் என்ன, ஒரு தரம் வீட்டுக்கு வந்து அவளே ரத்தம் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. நரம்பு எல்லாம் உள்ளே போய்விட்டது, நாலு தடவை குத்த வேண்டியிருக்கும், பாவம், அதுதான் நோட்டு இருக்கிறதே என்று விட்டுவிட்டாள். அவருக்கு வலிக்குமே என்று பார்த்தது அம்மா மட்டும் இல்லை.

கடைசி இரண்டு மாதம் அப்பாவின் பனியன் எந்நேரமும் நனைந்திருந்தது. கை நடுங்கியது. யாரும் இல்லாத பக்கம் பார்த்துப் பேசினார். வயசாகிவிட்டது என்றார்கள். சுகர் ஏறினால் இல்லை, ஊசி கூடிச் சுகர் இறங்கிப்போனால்தான் உடம்பு இப்படி ஆகும். "கொஞ்சம் சர்க்கரை குடும்மா, ஒரு ஸ்பூன் குடு" என்று அவளிடமே கெஞ்சினார். எண் இறங்காததற்கு இதுதான் காரணம், மனுஷன் திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள். சர்க்கரை டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டியது அவள் கை. சாவியைத் தம்பியிடம் கொடுத்ததும் அவள் கை.

அப்பா சாகும் முந்தின நாள் மாலையிலும் கேட்டார். தரவில்லை.

"என்னடி, கை இப்படி வேர்க்குது உனக்கு?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் இல்ல. அன்னைக்கும் எடுத்தியா? அவரு போன அன்னைக்கு?"

"எடுத்தேன். அவர் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன். சில்லுனு இருந்துச்சு. மணி ஆறு பத்தாச்சு. என் கை தானா பேனாவை எடுத்துச்சுடி. எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல." அம்மா கட்டிலைத் தடவிக்கொண்டாள். "இருநூத்தி நாப்பத்தொன்பது வந்துச்சு. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. செத்தவருக்கு நம்பர் வருமா? அவர் எங்கயும் போகல. என்கிட்டதான் இருக்காரு."

பெரியவள் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அழுவதற்கு நேரம் இல்லை. ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாகிவிட்டது. இது அம்மாவுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அந்த விரல்களை அம்மா என்ன செய்துகொள்வாள் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

பெட்டியைத் திறந்து சின்ன இயந்திரத்தை எடுத்தாள். அம்மாவின் அதே விரலை அழுத்தி, புதிதாக வந்த சொட்டைத் தொட்டு வைத்தாள். "இது என்ன புதுசா?" என்றாள் அம்மா. "சும்மா ஒரு டெஸ்ட்" என்றாள். ஐந்து நிமிடம். அம்மா அந்த ஐந்து நிமிடத்தில் கட்டிலின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். தலையணையில் குழி விழுந்திருந்த இடத்தை மட்டும் தொடாமல் விட்டாள்.

பத்து புள்ளி ஒன்பது. நல்லபடியாக இருக்கிற உடம்புக்கு அது ஆறைத் தொடாது.

"நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம்" என்றாள் பெரியவள். "மாத்திரை ஆரம்பிக்கணும்."

"யாருக்கு?"

"உனக்கு."

"எனக்கு என்ன கேடு? அது அவர் சுகரு. என்கிட்ட இருக்கு, அவ்வளவுதான்."

"அம்மா, பிடிவாதம் பிடிக்காதே. இப்படியே விட்டா கண்ணு போயிடும். கிட்னி போயிடும்."

"மாத்திரை போட்டா நம்பர் இறங்கும் இல்ல?"

"இறங்கும். இறங்கணும்."

"இறங்கிட்டா அப்புறம் அவர் எங்க இருப்பாரு?" என்று கேட்டாள் அம்மா.

அது புலம்பல் இல்லை. பதில் வேண்டித்தான் கேட்டாள். மகளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். பெரியவள் கெஞ்சினாள், கோபித்தாள், தன் தலை மேல் சத்தியம் செய்யச் சொன்னாள். அம்மா மீட்டரை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். "என் உசிரு போனாலும் அவரைக் குறைக்க மாட்டேன்" என்றாள்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தம்பி. வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறான். அறை வாசலில், கழற்றிய ஷூ ஒரு கையிலும் போட்டிருந்த ஷூ காலிலுமாக நின்றான். எவ்வளவு நேரமாக நிற்கிறான், எதிலிருந்து கேட்டான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் கண் மேஜை மேல் இருந்த நோட்டில் இருந்தது.

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். சொன்னால் அப்பா இன்னும் இருக்கிறார் என்கிற நம்பிக்கை போகும். சொல்லாவிட்டால் அம்மாவே போவாள், கண் கண்ணாக, கால் காலாக, கண்ணெதிரில். லேபில் அப்படிப் போனவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். பாதியைச் சொல்லலாம், மீதி அம்மாவுக்கு எட்டாது என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டாள்.

"அம்மா, கேளு. மனுஷங்க ரத்தம் அப்படி ஒண்ணாகாது. புருஷன் பொண்டாட்டின்னாலும் ஆகாது. அன்னைக்கு ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட வந்தது தற்செயல். இந்த மெஷின் மூணு மாசத்தைச் சொல்லும். அப்பா இருந்தப்பவே உனக்கு இவ்வளவு இருந்திருக்கு. இது அப்பாவோட நம்பர் இல்லம்மா. எப்பவுமே உன்னோடதுதான்."

அம்மா முந்தானையை விலக்கி மீட்டரைப் பார்த்தாள். அதை மேஜையில் வைத்தாள். பிறகு நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் பின்னோக்கிப் புரட்ட ஆரம்பித்தாள். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். ஏழு வாரத்தைத் தாண்டியதும் ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண்கள் இருந்தன. இடப்பக்கம் அம்மாவின் கையெழுத்தில் சுகர். வலப்பக்கம் தம்பியின் கையெழுத்தில், அதைப் பார்த்துப் போட்ட ஊசியின் யூனிட்.

அம்மாவின் காய்த்த விரல் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போயிற்று. மறுபடி இடப்பக்கம் வந்தது. இருபத்தாறு என்று எழுதிய இடத்தில் நின்றது.

"அம்மா, நோட்டை மூடு" என்றான் தம்பி. அவன் குரல் உடைந்திருந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது என்று பெரியவளுக்குத் தெரிந்தது.

அம்மா மூடவில்லை. மகனை ஒரு முறை பார்த்தாள். மகளை ஒரு முறை பார்த்தாள். போனில் மீட்டரைக் கேட்டாளே, அதே அமைதியான குரலில்தான் கேட்டாள்.

"அப்போ உங்க அப்பாவுக்கு எவ்வளவுடி இருந்துச்சு?"